நிர்வாகிகள் பட்டியலில் உன் பேர்

இன்று காலை நம் கல்லூரி இணையத்துக்குக் காவல் நிற்கும் புது ஃபயர்வால் கருவி வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் எழுந்த புது பிளாஸ்டிக் வாசனையில் உன் ஞாபகம் வந்துவிட்டது. இந்த வாசனைக்காகவே, நான்தான் பிரிப்பேன் என்று அடம்பிடிப்பாய். பழைய கருவியில் இருக்கும் பயனர்களைப் புதியதில் ஏற்ற வேண்டும். பட்டியலைத் திறந்தேன். முழு அதிகாரம் உள்ளவர்களில் முதல் பேர் இன்னும் உன்னுடையதுதான். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. எடுக்க எனக்கு மனசு வரவில்லையடி.

நீ வேலைக்குச் சேருமுன் நம் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே பேர், ஒரே கடவுச்சொல். அதையும் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருந்தோம். வந்த வாரமே அதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு கணக்குத் திறந்தாய். அவரவர் வேலைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே அதிகாரம். முதல்வர் தனக்கு முழுதும் வேண்டும் என்றார். எல்லாவற்றையும் பார்க்க மட்டும் முடிகிற மாதிரி கொடுத்தாய். இரண்டே நாளில், "என்னம்மா, எத அமுக்குனாலும் ஒண்ணும் மாறல?" என்று வந்து நின்றார்.

"பாக்குறதுக்கு நீங்க சார். அமுக்குறதுக்குத்தான எங்களுக்குச் சம்பளம் குடுக்குறீங்க?"

மனிதர் சிரித்துக்கொண்டே போனார். நான் மேசைக்கடியில் பேனாவைத் தேடுகிற சாக்கில் குனிந்து சிரித்தேன்.

என்னிடமும் நீ தாட்சண்யம் பார்க்கவில்லை. நான் பிரசவ விடுப்பில் போன அன்றே என் கணக்கை முடக்கினாய். வீட்டிலிருந்து நுழையப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பத்து நாள் உன் போனை நான் எடுக்கவில்லை. திருவேட்டக்குடியிலிருந்து பஸ் மாறி சுரக்குடிக்கு, என் வீட்டுக்கே வந்தாய். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு சொன்னாய்: "ஆளு இல்லாத பேருல எவனாச்சும் பூந்து ஏதாவது பண்ணுனா, பழி ஒன் தலையிலதாண்டி விழும். அதான் எடுத்தேன்." கோபம் அப்போதே போய்விட்டது. ஆனாலும் காபி கொடுக்கும்வரை முகத்தைத் தூக்கியே வைத்திருந்தேன்.

மதியம் மறுபடி பட்டியல் முன்னால் உட்கார்ந்தேன். உன் பேரில் யாராவது நுழைந்து, தப்பு நடந்து, நாளைக்கு உன்னை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? பதில் சொல்ல நீ இல்லையே. அந்த நினைப்பு வந்ததும் தயக்கம் போய்விட்டது. நீக்கவா என்று கருவி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். கொஞ்சம் அழுதேன், பொய் சொல்வானேன்.

இனி உன் பேரை யாரும் கெடுக்க முடியாதடி.