இடுப்புயர மேடை

வீடு முழுக்க ஈரச் சிமெண்ட் வாசனை அடிக்கிறது. காலையில் கொத்தனார் வந்து அடுப்படியில் இடுப்புயரத்துக்கு மேடை கட்டிவிட்டுப் போனார். இரண்டு பக்கமும் செங்கல் சுவர், மேலே ஒரு கடப்பாக்கல். எட்டு மணிக்கு ஆரம்பித்தவர் மூன்று மணிக்கெல்லாம் முடித்துவிட்டார். நீ கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன மேடைதான். இப்போது எனக்காகக் கட்டியிருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

திங்கட்கிழமை தஞ்சாவூரில் எனக்கு முதுகில் ஆபரேஷன். முதுகெலும்பில் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறதாம். இடது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லை. போன வாரம் வரப்பில் நடந்து, ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். இனியும் தள்ளிப்போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, ஒரு குடம் தண்ணீர் தூக்கக் கூடாது. நம் செல்விக்குத் திருச்சியில் பதினைந்து நாள்தான் லீவு கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் தனி ஆள். எனக்குச் சோறு வடிக்கக்கூட வராது என்பது உனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது. இந்த வயதில் அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

செல்வி வந்து நாலு நாளாகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டாள். அரிசி டின் மேசைமேல் ஏறிவிட்டது. உப்பு, புளி, பருப்பு எல்லாம் நின்றபடி எடுக்கும் உயரத்துக்கு வந்துவிட்டன. கட்டில் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தியிருக்கிறாள். குளிக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி. வாசற்படியில் கிடந்த சாக்கை, “இது காலைத் தடுக்கும்ப்பா” என்று தூக்கி எறிந்தாள். கீழே கிடந்ததெல்லாம் மேலே போகப் போக நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். எத்தனை சாமான் கீழே கிடந்திருக்கிறது! அத்தனைக்கும் நீ குனிந்திருக்கிறாய்.

நேற்று என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, எழுந்திருக்கப் பழக்கினாள்.

“நேரா எழுந்திரிக்கக் கூடாதுப்பா. ஒருக்களிச்சுப் படுங்க. காலைத் தொங்கப் போடுங்க. இப்ப கையை ஊனி மெதுவா எழுந்திரிங்க.”

மூன்றாம் தடவை செய்யும்போதுதான் எனக்குப் பிடிபட்டது. நீ இப்படித்தான் எழுந்திருப்பாய். பாயில் ஒருக்களித்து, கையை ஊன்றி, ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்து, பிறகுதான் எழுந்திருப்பாய். “சினை மாடு எழுந்திரிக்கிற மாதிரியில்ல இருக்கு” என்று நான் கேலி செய்வேன். நீயும் கூடவே சிரிப்பாய். உனக்கு எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை. வலியை வைத்து நீயாகவே கண்டுபிடித்திருக்கிறாய்.

உன்னை டாக்டரிடம் நான் அழைத்துப்போயிருந்தால்தானே? அதுதான் என் கால் இருந்ததே! தாய் வயிற்றிலிருந்து கால் முதலில் வெளியே வரப் பிறந்தவன் நான். அப்படிப் பிறந்தவன் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்று ஊரே நம்பியது. நடவு நாட்களில் பொழுது சாய்ந்தால் நம் வாசலில் ஆட்கள் வந்து குப்புறப் படுப்பார்கள். ஆளுக்கு மூன்று மிதி. “ராசியான காலு” என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை! உன்னையும் மிதித்தேன், வருஷக்கணக்கில். நடவு வயலிலிருந்து வந்து, சமைத்து, எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு வந்து படுப்பாய். “போதுங்க, விட்டுடுச்சு” என்பாய். நிஜமாகவே வலி போயிற்றா, என் மனம் நோகக் கூடாதென்று சொன்னாயா, இனி யாரைக் கேட்பது? இப்போது என் முதுகு பிடித்துக்கொண்டுவிட்டது. அதை மிதிக்க என் காலே எட்டவில்லை.

காஸ் அடுப்பு வந்த பிறகும் அதைத் தரையில்தான் வைத்தோம். “ஒரு மேடை கட்டிக் குடுங்க, நின்னுக்கிட்டே சமைச்சுட்டுப் போறேன்” என்றாய். குறுவை அறுப்பு முடியட்டும் என்றேன். பிறகு சம்பா முடியட்டும் என்றேன். ஒரு வருஷம் மேட்டூரில் தண்ணீர் திறக்கவில்லை. ஒரு வருஷம் மழை கதிரைச் சாய்த்துவிட்டது. நமக்குத்தான் எப்போதும் ஏதாவது ஒரு பயிர் வயலில் நிற்குமே. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆடியில், நாற்றங்கால் பச்சை பிடித்திருந்த நேரத்தில், நெஞ்சு வலி என்று ஒரே காலையில் போய்விட்டாய். அந்த வருஷமும் அறுப்பு நடந்தது.

இன்று கொத்தனார் போன பிறகு செல்வி அந்தக் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஒரு நாள் வேலைதானப்பா இது.”

கோபமாகச் சொல்லவில்லை. அம்மா என்ற வார்த்தையைக்கூட எடுக்கவில்லை. மாத்திரை வாங்க வேண்டும் என்று திருவிடைமருதூர் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. அந்த மேடையை இடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. நீ நிற்காத இடத்தில் நான் நின்று சமைப்பதாவது! ஆபரேஷனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், கால் போனால் போகட்டும். கொத்தனார் விட்டுப்போன கடப்பாரை அடுப்படித் தரையில் கிடந்தது. அதை எடுக்கக் குனிந்தேன். அவ்வளவுதான். இடுப்பில் வெட்டியதுபோல ஒரு வலி. அப்படியே சரிந்து விழுந்தேன். நீ உட்கார்ந்து சமைத்த அதே இடம். உன்னைக் கூப்பிட்டேன். கத்திக் கத்திக் கூப்பிட்டேன்.

தரையில் கிடந்தபோதுதான் அதைப் பார்த்தேன். கொல்லைக் கதவை ஒட்டிய சுவர் விளிம்பில், முழங்கால் உயரத்தில், எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கறுத்து மழமழவென்று ஆகிவிட்ட ஓர் இடம். பொங்கலுக்குப் பொங்கல் நான் சுண்ணாம்பு அடித்து மறைப்பேன். மாசி முடிவதற்குள் திரும்ப வந்துவிடும். “கையத் துடைக்கத் துணி இல்லையா, செவுத்துலதான் துடைக்கணுமா?” என்று எத்தனை தடவை சத்தம் போட்டிருக்கிறேன். நீ ஒருநாளும் பதில் சொன்னதில்லை. நீ போன பிறகு வெள்ளையடிக்க மனம் வரவில்லை. அதனால் அது மிச்சம் இருக்கிறது.

நீ அங்கே கை துடைக்கவில்லை.

ஒருக்களித்தேன். ஒரு கையைத் தரையில் ஊன்றினேன். இன்னொரு கையை எட்டி அந்தக் கறுத்த இடத்தில் வைத்தேன். வேறு எங்கே பிடித்திருந்தாலும் எழுந்திருக்க முடிந்திருக்காது. உன் பிடி அங்கேதான் இருந்தது. ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்தேன். பிறகு எழுந்தேன்.

செல்வி திரும்பி வந்தபோது நான் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றேன். கீழே கிடந்த கடப்பாரையைப் பார்த்தாள். அதை எடுத்துக் கொல்லையில் சாத்திவிட்டு வந்தாள்.

“திங்கக்கெழமை போறோம்லப்பா?”

“போறோம்மா” என்றேன்.

நாளை கொத்தனார் பூச்சு வேலைக்கு வருகிறார். அடுப்படி முழுக்க வெள்ளையடித்துத் தருவதாகச் சொன்னார். அந்தச் சுவரை மட்டும் தொட வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டேன். ஒருக்களித்து, கை ஊன்றி எழுந்திருப்பதெல்லாம் ஆறு வாரத்துக்குத்தான் என்று ஆஸ்பத்திரித் தாளில் போட்டிருக்கிறது. எனக்கு இனிமேல் வேறு மாதிரி எழுந்திருக்க வராது.