காற்றில் அடித்துப் பார்க்க வேண்டாம்

அப்பா,

சாப்பாடு மேஜைமேல் மூடி வைத்திருக்கிறேன். தம்பி எழுந்ததும் அவனுக்குக் கொடுத்துவிட்டு நீங்களும் சாப்பிடுங்கள். என்மேல் உள்ள கோபத்தைச் சோற்றில் காட்ட வேண்டாம்.

புது மூக்கு ஸ்பிரே ஃபிரிட்ஜ்மேல் இருக்கிறது. அதில் ஒரே ஒரு தடவைக்குத்தான் மருந்து. நேற்று அவனுக்கு வலிப்பு வந்தபோது, உங்கள் பெயிண்ட் கன்னைச் சோதிப்பது போல இதையும் முதலில் காற்றில் அடித்துப் பார்த்தீர்கள். மொத்த மருந்தும் ஜன்னல் திரைக்குப் போனது. ஆம்புலன்ஸ் வரும்வரை பிள்ளை தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தான். அதனால்தான் கத்தினேன். இன்னும் ஆறவில்லை.

"வலிப்பு மூளையில, மருந்து மூக்குலயா? படிச்சவன் எதைச் சொன்னாலும் நம்பிடுவியா?" என்றீர்கள். புதுச் சுவர் முதல் கோட் பெயிண்டைக் குடிக்குமே, அப்படித்தான் மூக்கின் உள்தோல் மருந்தைக் குடித்து மளமளவென்று மூளைக்கு அனுப்பும். வாயில் மட்டும் எதையும் ஊற்றிவிடாதீர்கள்.

"இனி நான் தொடமாட்டேன், நீயே பாத்துக்கோ" என்பதெல்லாம் என்னிடம் செல்லாது. நான் வேலைக்குப் போக வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி இருக்கிறது. கூப்பிட்டால் வருவார்.

பி.கு.: காலியான பழைய ஸ்பிரே உங்கள் கன் பக்கத்தில். அதை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் பழகுங்கள். வலிப்பு வந்தால், புதியதைப் பிரித்ததும் நேரே அவன் மூக்குக்கு.

இன்னொன்று: நேற்று அழுத்தும்போது உங்கள் கை துளியும் ஆடவில்லை. எனக்கு ஆடியிருக்கும். அதனால்தான் உங்களிடம் விட்டுப் போகிறேன்.