பத்தால் வகுக்காமல் எழுதிக்கொண்டார்கள், அக்கா

எப்போதும் என் பேச்சைப் பத்தால் வகுத்தே கேட்ட என் அஞ்சலையக்காவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் மகன் குமரன் ஏழு வயதில் தீபாவளி வாணத்தைப் பாட்டிலில் வைக்காமல் கையில் பிடித்து விட்டானே, ஞாபகம் இருக்கிறதா? "பாத்துக்கோ அக்கா, இவன் பேரு ஒரு நாள் பேப்பர்ல வரும்" என்று தெருவே கேட்கச் சொன்னேன். நீ அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டு எனக்கும் ஒன்று வைத்தாய். வந்துவிட்டது அக்கா. போட்டோவோடு வந்துவிட்டது.

போன வருடம் உன் நினைவு நாளுக்குத் தெருமுனையில் பேனர் வைத்தோம். புதுச்சேரியிலேயே பெரிய பேனர். சரி, நம் தெருவில் பெரியது. இந்த வருடம் கை வரவில்லை. பெற்ற மகன் ஜெயிலில் இருக்கும்போது உன் படத்துக்குக் கீழே அவன் பெயரை எப்படிப் போடுவது? அதனால் பேனருக்குப் பதிலாக இந்தக் கடிதம். தெரிந்த பத்திரிகைக்காரர் ஒருவர் போடுகிறேன் என்றிருக்கிறார். உனக்கு எழுதுவதை ஊரும் படிக்கட்டும். ஏன் படிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் குருசுக்குப்பத்து மீனவர் வழக்கம் உனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். கடலில் ஆபத்து என்றால் ஆகாயத்தில் விட்டுக் காட்டுவதற்கென்று எங்கள் படகுகளில் சிவப்பு வாணம் வைத்திருப்போம். தேதி முடிந்தால் புதுசு வாங்குவோம். பழசைத் தூக்கிப் போட மனசு வராது. யாராவது புதுப் படகு இறக்குகிற நாளில் எடுத்து விடுவோம். சிவப்பாக எழும்பி, ஒரு குட்டிக் குடையில் தொங்கிக்கொண்டு ஆடி ஆடி வந்து கடலில் அணையும். எல்லோரும் கை தட்டுவோம், கேசரி தின்போம், வீட்டுக்குப் போவோம்.

குமரனுடைய கூட்டாளிக்கு லாஸ்பேட்டையில் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் மண்டபத்து வாசலுக்கு வந்தார்கள். "எங்க ஊரு மரியாதைய பாருங்கடா" என்று சொல்லி, படகிலிருந்து எடுத்துப்போன பழைய வாணத்தை உன் மகன் விட்டான். கடற்கரையில் பிறந்தவனுக்கு மட்டுமே வருகிற தப்பு அது. மேலே போவதெல்லாம் தண்ணீரில்தான் விழும் என்று இருபத்தெட்டு வருடமாகப் பார்த்தவன். லாஸ்பேட்டை ஆகாயத்துக்குக் கீழே கடல் கிடையாது, விமான நிலையம்தான் இருக்கிறது என்பது அவன் மண்டையில் ஏறவில்லை.

அந்த நேரம் பார்த்து மத்தியான விமானம் இறங்க வந்தது. வாணத்துக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழம்தான். நீ முறைப்பது தெரிகிறது. ஒரு முழம் இல்லை, தூரமாகத்தான் இருந்தது. ஆனால் விமானம் இறங்காமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் மேலே போனது நிஜம். அதை மட்டும் வகுக்காதே. ஒரு சுற்றுச் சுற்றி வந்து நல்லபடியாக இறங்கியது. வாணம் வேலிக்கு உள்ளே காய்ந்த புல்லில் விழுந்து ஒரு பாய் அகலத்துக்குக் கருக்கியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

குற்றம்தான் அக்கா. நான் மூடி மறைக்கவில்லை. அந்த விமானத்தில் யாரோ ஒருத்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திடீரென்று மேலே தூக்கியபோது அந்தப் பிள்ளையை எப்படி இறுக்கிப் பிடித்திருப்பாள்? அதற்கு உன் மகன் தண்டனை வாங்கத்தான் வேண்டும். நீ இருந்திருந்தால் போலீஸ் வருவதற்கு முன்னால் நீயே கொடுத்திருப்பாய்.

முதலில் போலீசும் அஜாக்கிரதைக் கேசுதான் எழுதினார்கள். அபராதம், மிஞ்சிப்போனால் சில மாதம் என்றார்கள். நான் அவன் பெண்டாட்டி ரேவதியிடம், "கவலப்படாத, ஜட்ஜு எனக்குத் தெரிஞ்சவரு, சனிக்கெழம வந்துருவான்" என்றேன். ஜட்ஜை நான் தூரத்தில் இருந்து ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்குப் பதில் கேசு மாறியது. பேருந்திலும் கடைவீதியிலும் குண்டு வைக்கிறவர்களுக்கென்று ஒரு பெரிய சட்டம் இருக்கிறதே, பயங்கரவாதச் சட்டம், அதைக் கொண்டுவந்து உன் மகன் தலையில் வைத்துவிட்டார்கள். நான் எட்டாவது வரைதான் படித்தவன். எட்டாவது படித்தவனுக்குத் தெரிகிற ஒன்று மேலே இருப்பவர்களுக்கு ஏன் தெரியவில்லை? சுறாவுக்குப் போடுகிற தூண்டிலை நெத்திலி வாயில் மாட்டினால் தூண்டிலுக்கு ஒன்றும் ஆகாது. நெத்திலிதான் இரண்டாகக் கிழியும். இப்படியே போனால், நாளைக்கு நிஜமான சுறா வரும்போது அந்தத் தூண்டிலைப் பார்த்து யாருக்குப் பயம் இருக்கும்?

எங்களுக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்திருக்கிறார். சின்ன வயசு, ஸ்கூட்டரில் வருகிறார், பேச்சில் வளவளப்பு இல்லை. அவரிடம் இந்தத் தூண்டில் கதையைச் சொன்னேன்.

"நல்லா இருக்குது ஐயா. ஆனா நானும் அந்த விமானத்துல இருந்திருந்தா எனக்கும் கோவம் வந்திருக்கும். அவர் பண்ணது தப்புதான். இந்தச் சட்டம் அதோட நிக்காது. எதுக்காகப் பண்ணாருன்னு கேக்கும். ஜனங்கள பயமுறுத்தணும்னு நெனச்சிப் பண்ணாராங்கறதுதான் கேள்வி."

"கல்யாணத்துல சந்தோசத்துக்கு வுட்டான்மா. வேற எதுக்கு?"

"அத நான் சொல்றேன். ஆனா அவங்க கிட்ட ஒரு காகிதம் இருக்குது. அதுல வேற மாதிரி எழுதியிருக்குது."

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டும். நீ போன பிறகு நடந்ததால் உனக்குத் தெரியாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா, முசியே ரொபேர் என்று பெயர், பிரான்சிலிருந்து இங்கே வந்திருந்தார். வெள்ளை மீசை. கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. என்னைப் பார்த்தால் வணக்கத்துக்குப் பதில் "பொன்ழூர்" என்பார், நானும் "பொன்ழூர்" என்பேன். அவர் நம் குமரனைப் பத்து நாள் காலையில் கடற்கரைக்கு அழைத்துப்போய் வாணம் விடச் சொல்லிக்கொடுத்தார்.

கல்யாணத்துக்கு மறுநாள் ஒரு ஏட்டு நம் தெருவுக்கு விசாரிக்க வந்தார். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான்தான் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். "என்னாய்யா, உன் மருமவன் அவ்ளோ ஒசரத்துக்கு வுட்டிருக்கான்? எங்க கத்துக்கினான்?" என்று கேட்டார்.

ஒரு போலீஸ்காரர் நம் பிள்ளையை வியந்து கேட்டால் சும்மா இருக்க முடியுமா? "சாதாரண ஆளுகிட்டயா சார் கத்துக்கினான்? பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா கத்துக்குடுத்தது. குறி தப்பாது. எதக் காட்டுறீங்களோ அதுக்குப் பக்கத்துல போயி நிக்கும்" என்றேன். பிள்ளைக்கு ஒரு மரியாதை வரும் என்று நினைத்தேன். ஏட்டு தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன், கீழே கோடு இழுத்து.

நீ வகுப்பாய் அக்கா. தெருவில் எல்லோரும் வகுப்பார்கள். அந்த ஏட்டு வகுக்கவில்லை. வெளிநாட்டு ராணுவப் பயிற்சி என்று ஆகிவிட்டது. குறி வைத்து விட்டான் என்று ஆகிவிட்டது.

போன வாரம் ரேவதியோடு ஜெயிலுக்குப் போய்க் குமரனைப் பார்த்தேன். இளைத்துவிட்டான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மாமா, உள்ள யாரும் என் பக்கத்துல ஒக்கார மாட்டறாங்க. குண்டு கேசுன்னு நெனச்சிக்கினு ஒதுங்கறாங்க" என்றான்.

"நீ கம்பீரமா இரு மாப்ளே. மேல எடத்துலல்லாம் பேசி வெச்சிருக்கேன்."

"அந்த சொல்தா யாரு மாமா?"

நான் வேட்டி நுனியைத் திருகினேன்.

"தெனம் கேக்கறாங்க. தெரியாதுன்னா, மறைக்கறான்னு எழுதிக்கறாங்க. ராத்திரில்லாம் யோசிச்சிப் பாத்தேன். நீ சொன்னா இல்லாமப் போவுமா? பத்து நாளு வந்த ஆள நானே மறந்துட்டனா மாமா?"

தன் நினைப்பை விட என் வாயை நம்புகிறான் அக்கா. இதற்கு நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? பேருந்தில் திரும்பி வரும்போது ரேவதி எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த சொல்தாவைப் பற்றிக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் வக்கீலம்மா வீட்டுக்கே வந்தார். "ஐயா, அந்தப் பெரியவர எப்படியாவது கூட்டினு வாங்க. வயசானவரு, பென்ஷன்காரரு, சும்மா பொழுதுபோக்குக்குச் சொல்லிக்குடுத்தேன்னு அவரே ஜட்ஜு முன்னாடி சொல்லிட்டா பாதி கேசு கரைஞ்சிடும்" என்றார்.

நான் கூரையைப் பார்த்தேன்.

"ஐயா, போலீசும் அவரத் தேடறாங்க. பிரெஞ்சுக்காரங்க தெருல்லாம் விசாரிச்சிட்டாங்க. ஆளு கெடைக்கல. தலைமறைவுன்னு எழுதிட்டாங்க. கேசுல குமரன் மொத எதிரி, ரெண்டாவது எதிரி அவர்தான்."

அடுப்படியிலிருந்து ரேவதி வந்து நின்றாள். "மாமா, நான் கல்யாணம் ஆயி இந்த வூட்டுக்கு வந்து நாலு வருசம். அந்தத் தாத்தாவ ஒரு நாளும் பாத்ததில்ல. எந்த வூட்டுல இருந்தாரு?" கோபமே இல்லாமல் கேட்டாள். உன் குரல் மாதிரியே இருந்தது.

அன்றைக்குத்தான் அவர்கள் இருவரிடமும் வாயைத் திறந்து சொன்னேன். ரேவதி அழவில்லை, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எனக்கே கொடுத்தாள். வக்கீலம்மா தன் நோட்டை மூடி வைத்தார். பிறகு, "இத கோர்ட்ல சொன்னா உங்களையும் கூப்பிட்டுக் கேப்பாங்க. பொய் சொன்னதுக்குக் கேசு வரலாம்" என்றார்.

"வரட்டும்மா."

"அது இல்ல ஐயா என் பயம். மொதல்ல சொன்னது பொய், இப்ப சொல்றதுதான் நெசம்னு எப்படி நம்புவாங்க? மருமகன காப்பாத்த மாத்திப் பேசறீங்கன்னுதான் சொல்லுவாங்க."

அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஐம்பத்தெட்டு வருடம் நான் சொன்ன கதை எதையும் இந்த ஊர் முழுசாக நம்பியதில்லை. நம்பக் கூடாத ஒன்றை அரசாங்கம் நம்பிவிட்டது. இப்போது நான் ஒரே ஒரு நிஜத்தைச் சொல்லப் போகிறேன், அதை யார் நம்புவார்கள்?

அதனால்தான் இதை ஊர் படிக்க வேண்டும் என்கிறேன். குருசுக்குப்பத்து ஜனங்களே, என்னைத் தெரிந்தவர்களே, வரும் திங்கட்கிழமை ஜாமீன் மனு வருகிறது. கோர்ட்டுக்கு வாருங்கள். வக்கீலம்மாவிடம் உங்கள் பெயரை எழுதிக் கொடுங்கள். எனக்காக நல்ல வார்த்தை எதுவும் சொல்ல வேண்டாம். "ஏழுமலை பேச்சா, அத பத்தால வகுக்கணும் சாமி" என்று என் முதுகுக்குப் பின்னால் இத்தனை வருடமாகச் சிரித்தீர்களே, அதைக் கூண்டில் ஏறி என் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நான் தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன்.

நானூறு பேர் வருவார்கள் அக்கா. வகுத்துக்கொள், நாற்பது பேர் வந்தால் போதும். நான்கு பேர் வந்தாலும் போதும் என்கிறார் வக்கீலம்மா.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நிற்பேன். கை காட்டாமல், கதை கட்டாமல், இதை மட்டும் சொல்வேன்: தேதி முடிந்த வாணத்தை எப்படி விடுவது என்று குமரனுக்குக் காட்டியது அவன் தாய்மாமனாகிய நான். மூடியைக் கழற்றிக் கயிற்றை இழுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை, குழாய் மேலேயே படம் போட்டிருக்கிறது. முசியே ரொபேர் என்று ஒருவர் வரவில்லை. வெள்ளை மீசையும் வெள்ளித் தடியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே என் வாயில் பிறந்தவை.

இதை வகுக்காதே அக்கா.

உன் கூடப் பிறந்த ஒரே தம்பி,
குமரனுக்குத் தாய்மாமன்,
ஏழுமலை