கரையான் அரிக்காத அறை

மே 9, சனி

மலைமேல் எங்கள் மூவருக்கும் பொதுவான மரவீட்டுக்குத் தனியாக வந்து சேர்ந்தேன். பின்னறையைக் கரையான் அரித்துவிட்டதாம், இடித்தே ஆக வேண்டுமாம். அண்ணனுக்கு இடுப்புப் பிடிப்பு. அக்காவுக்கு ஏதோ கல்யாணம். "நம்ம மூணு பேர்ல நீதாண்டி தைரியசாலி" என்றாள் அக்கா. புகழ்ந்தால் போதும், நான் எந்தக் கடப்பாரையையும் தூக்குவேன்.

அது என் அறை. என் வீட்டுக்காரரின் குறட்டை எட்டாத ஒரே இடம். போகட்டும், கரையானிடம் யார் நியாயம் பேசுவது?

மே 10

கூரைத் தகடுகளை இறக்கினேன். பாதி அவை இறங்கின, பாதி நான்.

மே 11, திங்கள்

இரண்டு சுவர் சாய்ந்தாயிற்று. ஆனால் இந்தப் பலகைகள்! ஆணியைப் பிடுங்கினால் என்னையும் சேர்த்து இழுக்கின்றன. ஒரு கரையான்கூடக் கண்ணில் படவில்லை. கூச்ச சுபாவமோ?

மத்தியானம் ஒரு கொத்தனார் அளவுநாடாவோடு வந்து நின்றார்.

"ஷெட்டுக்கு அளவெடுக்கணும்மா."

"என்ன ஷெட்டு?"

"உங்க அண்ணன் புதுக் கார் நிறுத்தத்தான். போன மாசம் உங்க அக்காவும் கூட வந்து இடம் காட்டினாங்களே, தெரியாதா?"

"தெரியுமே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? சிரித்தேன் வேறு.

அன்றே, சாயங்காலம்

அண்ணனைப் பற்றி ஆச்சரியமில்லை. சின்ன வயதில் மிட்டாயைப் பங்கு போட்டால் காகிதம் எனக்கு, மிட்டாய் அவனுக்கு. ஆனால் அக்கா! பக்கத்து வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு கிளம்பினால், ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் எனக்குச் சொல்பவள். இதை மட்டும் ஒரு மாதம் எப்படி அடக்கினாள்? வயிறு உப்பியிருக்க வேண்டாமா?

போன் போட்டேன்.

"அண்ணன்தான் சொல்லாதேன்னான். சொன்னா நீ இடிக்க விடமாட்டியேடி..."

"அதான் என் கையாலயே இடிக்க வச்சீங்களாக்கும்!"

"ஒரு அறைதானேடி. ஹால்ல படுத்துக்கோயேன், என்ன குறைஞ்சுடும்?"

என்ன குறைந்துவிடுமாம்! போனை வைத்துவிட்டுக் கடப்பாரையை மூலையில் சாத்தினேன்.

மே 12

மீதிச் சுவர்கள் நிற்கின்றன. அண்ணனே வந்து இடிக்கட்டும், இடுப்போடு. கடைசி பஸ்ஸுக்குக் காத்திராமல் முதல் பஸ்ஸிலேயே மலையிறங்கி வீடு வந்துவிட்டேன்.

ஜூன் 3

எதிர்வீட்டுப் பல் டாக்டர் ஓடிப்போய்விட்டார் — பல் கட்டிக்கொள்ள வந்த அம்மாளோடு! இப்படியொரு சேதி பத்து வருடத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "என்னடி விசேஷம்?"

"ஒண்ணுமில்லக்கா."

பிறகு மழையைப் பற்றிப் பேசினோம்.