ஒயரில் இல்லாத குறை

ஏனுங்க, என் பாட்டுக்காரரே,

நீங்கள் போன பிறகும் சூலூரில் நம் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. உங்கள் ஸ்டீரியோதான் வாய்மூடிக் கிடக்கிறது. மாட்டுக் கயிறு கனத்துக்கு இருக்கும் அந்தச் சீமை ஒயரைத் துடைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கேசட்டை விட்டு சிடிக்கு மாறிய புதிதில், பாட்டில் சலங்கைச் சத்தம் மங்கலாக இருக்கிறது என்றீர்கள். ஒயரை மாற்றினால் சரியாகிவிடும் என்றார், கோவையில் உங்களுக்குப் பெட்டி விற்ற கடைக்காரர். மாற்றினீர்கள். சரியாகவில்லை. அதைவிட விலை கூடிய ஒயர் வந்தது. எனக்கோ எந்த ஒயரிலும் சலங்கை கணீரென்றுதான் கேட்டது. அதைச் சொன்னதற்கு, "உனக்கென்ன அம்மணி தெரியும்?" என்று சிரித்தீர்கள்.

அதோடு விட்டீர்களா? வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் உட்காரவைத்து, மங்கலாகத்தானே இருக்கிறது என்று கேட்டீர்கள். காப்பி கொடுத்தவரிடம் நம் சனம் இல்லையென்று சொல்லுமா? "ஆமாங்க, கொஞ்சம் மங்கல்தானுங்க" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். இளவயதிலிருந்து தறிச் சத்தத்தில் நின்ற காது அது என்று ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை?

அன்றைக்கு ரோட்டில் உங்கள் பின்னால் வந்த லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தானாம். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் மட்டும் திரும்பவில்லை.

துக்கம் கேட்க அந்தக் கடைக்காரரும் வந்தார். "எங்க வீட்டுக்காரருக்குக் காது போனது உங்களுக்குத் தெரியாதா?" என்று நேராகவே கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தெரியுமுங்க அக்கா. பெரிய மனுசரு, மொகத்துக்கு நேரா எப்படிங்க சொல்றது?"

இந்த மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சொல்லுங்கள்.

நேற்று நம் மகன் தறிக்கூடத்திலிருந்து வந்து, டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனான். ஸ்பீக்கர் போய்விட்டது போலிருக்கிறது என்றான். எனக்கு வீடே அதிர்கிறது. பக்கத்தில் இருந்த மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாங்க, போயிருச்சுங்க" என்றாள்.

விடிந்ததும் அவனைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகப் போகிறேன். ஊர் முன்னால் அவமானப்படுத்திவிட்டதாகக் கோபித்துக்கொள்வான். உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் நம்பாத காதுக்காரி,
உங்கள் மனைவி