கத்தரிக்கு வேலையில்லை

ரெசிஃபே

அம்மா, ஆசி கொடுங்கள். வயிற்றுவலி எப்படி இருக்கிறது? நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

எடிலேயுசாவைப் பற்றி முன்பே எழுதியிருந்தேனே? அவளுடைய முதல் சிசேரியனில், உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க எங்கள் ஆய்வகத்தில் செய்த கடற்பாசிப் படலத்தை வைத்தேன். ஈரக் கையுறையோடு எடுத்ததால் அது என் விரலில் ஒட்டிக்கொண்டது. "வயித்துல ஒட்டக்கூடாதுன்னு செஞ்சது உன் கையில ஒட்டுதேடி!" என்று பெரிய டாக்டர் ஜுரேமா சிரித்தார். கையுறையை மாற்றிக்கொண்டு வேறு படலம் வைத்தேன்.

நேற்று அவளுக்கு இரண்டாவது சிசேரியன். ஒட்டியிருப்பதைப் பிரிக்கக் கத்தரியோடு நின்றேன். பிரிக்க எதுவுமே இல்லை, அம்மா! குடல் தனியாக, கர்ப்பப்பை தனியாக, பளபளவென்று இருந்தன.

"என்ன டாக்டர், உள்ள எதையாச்சும் தேடுறீங்களா?" என்றாள், இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போய் விழித்தபடி படுத்திருந்த எடிலேயுசா.

"தேடுறா, கெடைக்கல! கத்தரிய வச்சிட்டுப் பிள்ளைய எடுடி!" என்றார் ஜுரேமா. அறையே கைதட்டியது.

இங்கத்து மரவள்ளி மாவு வாயில் வைக்க முடியவில்லை. நம் ஊர் பெலெம் சந்தையில் வாங்கி அனுப்புங்கள். இல்லை, நீங்களே கொண்டு வாருங்கள். என்னைச் சிசேரியனில் பெற்றபின் ஒட்டிப்போன குடலால் வரும் உங்கள் வலியை, வெறும் வாயு என்று சொல்லியே அங்குள்ள டாக்டர்கள் உங்களை அனுப்பினார்கள். ஜுரேமா பிரித்துத் தருகிறேன் என்கிறார். படலத்தை நான் வைப்பேன், காய்ந்த கையுறையோடு.

கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

ஜசிரா