சுவரில் அணைந்த கல்

மழை பிடித்த வாரம், திங்கட்கிழமை

அன்புள்ள நொட்டாங்கைத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் பொடிசும் நலம். நீ குகைக்குள் இறங்கியதிலிருந்து ஒரு வரி இல்லை. புதையலில் எது நல்ல கல், எது சாபம் பிடித்த கல் என்று பார்த்துச் சொல்லத்தானே அந்த வேட்டைக்காரர்கள் உன்னைக் கூட்டிப்போனார்கள்? கண்ணுக்கு வேலை கொடுத்தவர்கள் கைக்கு ஒரு காகிதம் கொடுக்கக் கூடாதா?

கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. நெருப்பு தாங்கும் மோதிரம் வாங்கிப்போன வாள்காரர் திரும்பி வந்து, கை தப்பித்தது, மீசை பொசுங்கிவிட்டது என்று சண்டை போட்டார். "மோதிரம் விரலுக்குத்தாண்ணே, மீசைக்குத் தனியா செய்யணும்" என்று சொல்லி அனுப்பினேன்.

குகைக்குப் போகிற எல்லோருக்கும் செய்வதுபோல, உனக்கும் ஒரே கல்லை இரண்டாக அறுத்து ஒரு பாதியை மோதிரத்தில் பதித்து மாட்டிவிட்டேன். மறுபாதி கடைச் சுவரில் உன் ஆணியில் தொங்குகிறது. உன் விரலில் ரத்தம் ஓடுகிறவரை இங்கே வெளிச்சம் இருக்கும். காலையில் கடை திறந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

ரொட்டிக்கடை வீட்டு விஷயம் கேள்விப்பட்டாயா? அவர்கள் பையனின் கல் அணைந்ததை நான்தான் போய்ச் சொன்னேன். மறுவாரமே அவன் வாசலில் வந்து நின்றான். அதே முகம், அதே குரல். சின்ன வயதில் நடந்ததையெல்லாம் சொன்னானாம். குகைப் பேய்க்குத் தின்ற ஆளின் முகம் மட்டுமா, நினைவும் முழுக்க வந்துவிடும் என்பது தெரிந்ததுதானே. வாசலுக்கு வந்துவிட்டால் திறக்கிறவரை அது நகராது. இதுவரை எந்த வீட்டு வாசலிலிருந்தும் நகர்ந்ததில்லை. தட்டிக்கொண்டே இருந்ததாம். பெற்ற மனசு எத்தனை நாள் தாங்கும்? அம்மாக்காரி திறந்துவிட்டாள். இப்போது அந்த வீட்டில் அடுப்பு மூட்ட ஆள் இல்லை. அந்தத் தெருப் பக்கம் போகவே எனக்குக் கால் வரவில்லை. சீக்கிரம் வந்து சேர்.

அக்கா


வெள்ளிக்கிழமை

தம்பி,

இன்று காலை கடை திறந்தேன். உன் கல் அணைந்திருந்தது.

துடைத்துப் பார்த்தேன். ஊதிப் பார்த்தேன். வேறு ஆணியில் மாட்டிக்கூடப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி. உன்னோடு போனவர்களின் கல்லெல்லாம் எரிகிறது. உன்னுடையது மட்டும் கூழாங்கல் போலக் கிடக்கிறது. பொடிசு பார்த்துவிட்டு, "மாமா தூங்குதாம்மா?" என்றாள்.

இதைப் படிக்க ஆள் இல்லை என்று தெரியும். ஆனாலும் எழுதித் தபால்காரர் கையில் கொடுக்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். எத்தனை வீட்டுப் படியேறி இந்தச் செய்தியைச் சொல்லியிருக்கிறேன். நம் வீட்டுச் செய்தியை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

அக்கா


குகைவாய்ச் சத்திரம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் ஒன்றாகக் கிடைத்தன. அழாதே. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். மோதிரம்தான் போய்விட்டது. ஓடையில் கை கழுவும்போது நழுவி விழுந்துவிட்டது, வேறொன்றுமில்லை. மற்றவர்கள் இன்னும் ஆழத்துக்குப் போகிறார்கள். எனக்குக் காய்ச்சல், அதனால் மேலே அனுப்பிவிட்டார்கள்.

காய்ச்சல் விட்டதும் கிளம்பிவிடுவேன். மாமா தூங்கவில்லை என்று பொடிசிடம் சொல். சத்திரத்துச் சாப்பாடு வாயில் வைக்க வழியில்லை. நீ சமைத்ததைக் குறை சொன்னதற்கெல்லாம் இங்கே தண்டனை அனுபவிக்கிறேன்.

உன் நொட்டாங்கை


வியாழக்கிழமை

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி. உடம்பு தேறட்டும், அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். இத்துடன் ஒரு வெள்ளி மோதிரமும் நீலக்கல்லும் சின்னக் குறடும் அனுப்பியிருக்கிறேன். வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார், எனக்குக் கை ஒழியவில்லை. படுத்த இடத்திலேயே கல்லைப் பதித்துத் தபால்காரரிடம் கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
கடையிலிருந்து


குகைவாய்ச் சத்திரம், திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

என்ன அக்கா, வட்டிக்காரருக்கு எழுதுவதுபோல எழுதியிருக்கிறாய்? "கடையிலிருந்து"வாம். மோதிரத்தைத் தொலைத்ததற்குக் கோபமா?

வேலை முடிந்தது, இதோ அனுப்பிவிட்டேன். கல்லைப் பிடிக்கும் நான்கு காலையும் பார். கடைசிக் காலைக் கோணலாக மடக்குகிறேன் என்று நீ திட்டாத நாள் உண்டா? இந்தத் தடவை வாயைத் திறக்க முடியாது. பிரித்துப் பிரித்துப் பதித்தேன். பாராட்டி ஒரு வரி எழுதிவிடு, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பேன்.

உன் நொட்டாங்கை


புதன்கிழமை

நீ யாராக இருந்தாலும் சரி, வராதே.

அந்த மோதிரத்துக்கு அளவெடுத்தது நான். விரல் மூட்டைத் தாண்டி ஏற்றவே எண்ணெய் தடவ வேண்டியிருந்தது. அது கை கழுவினால் நழுவுகிற மோதிரம் இல்லை.

வெள்ளி மோதிரத்துக்கு வாடிக்கையாளர் யாரும் கிடையாது. கேள்வி கேட்டு உன்னைச் சோதிக்க முடியாது, அவனுக்குத் தெரிந்ததெல்லாம் உனக்கும் தெரியும். ஆனால் நினைவு வந்தாலும் கைப்பழக்கம் வராது என்பார்கள். அதனால்தான் அனுப்பினேன். என் தம்பி இடது கையால் மடக்குவான். கடைசிக் கால் சாயும். எத்தனை திட்டினாலும் சாயும். பொட்டலத்தைப் பிரிக்கும்போது அந்தச் சாய்வு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பிரித்தேன். நான்கும் நேராக இருந்தன.

கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் பலகை அடித்துவிட்டேன். எனக்கு ஒரு குழந்தை இருக்கிறது. அவன் முகத்தோடு வந்து நிற்காதே. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் திறக்காமல் இருக்க எனக்குத் தெம்பில்லை.


ஞாயிற்றுக்கிழமை, நம் வீட்டுக் கதவுக்கு வெளியே

அக்கா,

வராதே என்ற உன் கடிதம் கிடைத்தும் வந்து தட்டினேன். "மாமா!" என்று பொடிசு கத்தியதும், நீ அவள் வாயைப் பொத்தியதும் கேட்டன. கதவுக்கு அந்தப் பக்கம் நீ மூச்சு விடப் பயந்து நிற்பதும் தெரிகிறது.

மோதிரம் நழுவியது பொய். குகையில் ஒரு பெட்டியைத் திறந்தேன். பெட்டிக்குப் பல் இருந்தது. இடது கையில் இரண்டு விரல் அதற்குள் போய்விட்டன, மோதிரமும்தான். நகை வேலைக்காரனுக்கு விரல் போய்விட்டது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. நேரில் வந்து, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீலக்கல்லை வலது கையால் பதித்தேன். எத்தனை தடவை பிரித்தேன் என்று கணக்கே இல்லை. இனியும் இவன் பிழைத்துக்கொள்வான் என்று நீ நம்ப வேண்டும், அதற்காகத்தான்.

இதையும் நீ நம்ப மாட்டாய். உன் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன். பொடிசை உள்ளே வைத்துக்கொண்டு திறக்காதே, நீ செய்வது சரிதான். ஆனால் நான் நிற்க நிற்க நீங்கள் இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டே இருப்பீர்கள். அதை என்னால் பார்க்க முடியாது. படகுத்துறைக்குப் போகிறேன். எங்கேயாவது ஒரு வேலை கிடைக்கும்.

தம்பி


ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்கிற நேரம்

என் நொட்டாங்கைத் தம்பிக்கு,

கதவிடுக்கில் வந்த காகிதத்தைத் தொடவே பயந்து நின்றேன். படித்த பிறகும் திறக்கவில்லை. இதுவும் ஒரு தந்திரம், பக்கச் சுவரோரம் ஒளிந்திருக்கிறது என்று நினைத்தேன். காத்திருந்தேன். யாரும் தட்டவில்லை. யாரும் கூப்பிடவில்லை. பலகை இடுக்கில் பார்த்தால் தெருவில் ஒரு நாய்தான் படுத்திருந்தது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வாசலுக்கு வந்துவிட்டால் அது நகராது. நான்தானே உனக்கு எழுதினேன்? நாங்கள் பயப்படுகிறோம் என்று நீ போய்விட்டாய். ஐயோ, நீதான்டா. நீதான் வந்திருந்தாய்.

இந்தக் கடிதத்தோடு தபால்காரரைத் துறைக்கு ஓடச் சொல்லியிருக்கிறேன். படகு போயிருந்தால் அக்கரைக்கும் போய்த் தேடச் சொல்லியிருக்கிறேன். விரல் இல்லாத கையோடு நீ எந்த ஊரில் போய் நிற்பாய்?

பலகையெல்லாம் பிடுங்கிவிட்டேன். பொடிசை எதிர்வீட்டு மருந்துக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு, கதவை அகலத் திறந்து வைத்து வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். இருட்டப் போகிறது. இந்த நேரத்தில் இந்த ஊரில் யாரும் கதவைத் திறந்து வைப்பதில்லை. எது வேண்டுமானாலும் உன் முகத்தோடு வரலாம். இருந்தாலும் மூட மாட்டேன். மூடியிருப்பதைப் பார்த்தால் நீ இன்னொரு முறை தட்டாமலே திரும்பிவிடுவாய்.

நீலக்கல் மோதிரம் என் விரலில் இருக்கிறது. நான்கு காலும் நேர். நம் பட்டறையில் இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை. நீ கேட்ட ஒரு வரி அதுதான். அணைந்த கல்லைக் கழற்றிவிட்டேன், சுவரில் உன் ஆணி காலியாக இருக்கிறது. வந்து அந்த வரியை மாட்டிக்கொள்.

அக்கா